தெரிந்த பிறகும் ஏன் அப்படியே தெரிகிறது?

கேள்வி இதுதான்: சதுரங்கப் பலகை போன்ற ஒரு படத்தில் இரண்டு கட்டங்கள் வேறு வேறு நிறமாகத் தெரிகின்றன. நிறத்தை அளந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. மூளை இப்படி ஏமாறுவது எப்படி? ஏமாற்று வேலை என்று தெரிந்த பிறகும் ஏன் சரியாகத் தெரிய மாட்டேன் என்கிறது?

இதில் இரண்டாவது பாதிதான் நல்ல கேள்வி. ஆனால் முதல் பாதியைக் கொஞ்சம் பிரித்துப் போடாமல் அதற்கு வர முடியாது. அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்தது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஏடெல்சன் 1995-இல் வெளியிட்ட படமாகத்தான் இருக்க வேண்டும். கருமையும் வெளுப்புமாக மாறி மாறி வரும் கட்டங்கள், மூலையில் ஒரு பச்சை உருளை, அதன் நிழல் பலகையின் மேல் சாய்ந்து கிடக்கிறது. நிழலுக்கு வெளியே இருக்கும் ஒரு கருங்கட்டத்துக்கு ‘ஏ’ என்று பெயர். நிழலுக்குள் இருக்கும் ஒரு வெளிர்கட்டத்துக்கு ‘பி’. ஏ கறுப்பு, பி வெளுப்பு என்று சத்தியம் பண்ணத் தோன்றும். ஒரு வெள்ளைத் தாளில் அந்த இரண்டு கட்டங்கள் மட்டும் தெரிகிற மாதிரி இரண்டு ஓட்டை போட்டுப் படத்தின் மேல் வையுங்கள். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். தாளை எடுங்கள். பி மறுபடி வெளுத்துவிடும்.

இதை மூளையின் தோல்வி என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கண்ணுக்குள் வந்து விழும் ஒளி இரண்டு விஷயங்களின் பெருக்கல்: அந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது, அதில் எவ்வளவை அந்தப் பரப்பு திருப்பி அனுப்புகிறது. கண்ணுக்குக் கிடைப்பது பெருக்கி வந்த விடை மட்டும்தான். 12 என்ற விடையைக் கையில் கொடுத்துவிட்டு, இது மூன்று நான்கா, இரண்டு ஆறா என்று கேட்டால் என்ன செய்வது? சுற்றுமுற்றும் பார்த்து ஊகிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நண்பகலில் நேர் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். அதில் கிடக்கும் கரித்துண்டு 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினாலே 5,000 பங்கு ஒளி கண்ணை நோக்கி வருகிறது. அறைக்குள் 300 லக்ஸ் விளக்கொளியில் இருக்கும் வெள்ளைத் தாள் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினாலும் 240 பங்குதான். அதாவது வெயிலில் கிடக்கும் கரி, அறைக்குள் இருக்கும் தாளைவிட இருபது மடங்கு அதிக ஒளியை அனுப்புகிறது. இருந்தும் கரி கறுப்பாகவும் தாள் வெள்ளையாகவும்தான் தெரிகின்றன. கண் ஒரு ஒளிமானியாக இருந்திருந்தால் வெயிலில் கரியைத் தாள் என்று எடுத்திருப்போம். மூளை வெளிச்சத்தைக் கழித்துவிட்டு, பொருளின் சொந்த நிறம் என்ன என்பதை மட்டும் நமக்குச் சொல்கிறது.

இப்போது ஏடெல்சனின் படத்துக்குத் திரும்புங்கள். பி நிழலில் இருக்கிறது. நிழலில் இருந்துகொண்டே ஏ அளவுக்கு ஒளி அனுப்புகிறது என்றால், அது ஏவைவிட வெளுத்த கட்டமாகத்தான் இருக்க வேண்டும். நிஜமான பலகையாக இருந்தால் இந்த விடை நூற்றுக்கு நூறு சரி. படத்தில்தான் பலகையும் இல்லை, உருளையும் இல்லை, நிழலும் இல்லை. தட்டையான திரையில் சில பிக்சல்கள். ‘இந்தப் பலகையில் எந்தக் கட்டம் வெளுப்பு?’ என்ற கேள்விக்கு மூளை பதில் சொல்கிறது. ‘எந்த பிக்சலின் எண் என்ன?’ என்று நாம்தான் அளவுகோலை வைத்துக்கொண்டு வேறு கேள்வி கேட்கிறோம். தமிழில் ‘காட்சிப்பிழை’ என்கிற சொல் நன்றாகவே நிலைத்துவிட்டது. நானும் அதையே பயன்படுத்துகிறேன். ஆனால் அதிலுள்ள ‘பிழை’ யாருடையது என்று கேட்டால், பாதி நேரம் கேள்வி கேட்டவருடையது.

இந்த வெளிச்சக் கழித்தலில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரலாம் என்பதை 2015 பிப்ரவரியில் உலகமே பார்த்தது. ஒரு உடையின் புகைப்படம். சிலருக்கு நீலமும் கறுப்பும், சிலருக்கு வெள்ளையும் பொன்னிறமும். குடும்பங்களுக்குள் சண்டை வராத குறை. அந்தப் படத்தில் வெளிச்சம் எங்கிருந்து, என்ன நிறத்தில் விழுகிறது என்பதற்குத் துப்பு போதாது. உடை நிழலில் நீலம் பாரித்த ஒளியில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்ட மூளை நீலத்தைக் கழித்தது. மிச்சம் வெள்ளையும் பொன்னும். மஞ்சள் விளக்கொளி என்று எடுத்துக்கொண்ட மூளை மஞ்சளைக் கழித்தது. மிச்சம் நீலமும் கறுப்பும். உடை உண்மையில் நீலம்–கறுப்பு. பிறகு நடந்த ஆய்வில், அதிகாலையில் எழும் பழக்கமுள்ளவர்களிடம் வெள்ளை–பொன் பார்வை சற்று அதிகமாக இருந்தது. பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் புழங்கியவர்களின் மூளை, சந்தேகம் வந்தால் நீலம் பாரித்த பகல் வெளிச்சத்தையே எடுத்துக்கொள்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஒவ்வொருவரும் எதைப் பார்த்துப் பழகினோமோ, அது நாம் பார்க்கும் நிறத்துக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது.

‘ஊகம்’ என்ற சொல்லை நான் அலட்சியமாகப் பயன்படுத்தவில்லை. ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களிலேயே, பார்ப்பது என்பது நம்மை அறியாமல் நடக்கும் அனுமானம் என்று எழுதினார். ஏன் அனுமானிக்க வேண்டும் என்பது கண்ணைப் பார்த்தால் புரியும். விழித்திரையில் சுமார் 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் இருக்கின்றன. அவற்றின் செய்தியைச் சுமந்து செல்லும் பார்வை நரம்பில் உள்ள இழைகள் ஏறத்தாழ 10 லட்சம்தான். பொடி எழுத்தைப் படிக்கிற கூர்மை நடுவில் சின்ன இடத்தில் மட்டும். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவு. மிச்சமெல்லாம் மங்கல். அறை முழுக்கத் தெளிவாகத் தெரிகிறது என்று நாம் நினைப்பதே ஒரு பெரிய காட்சிப்பிழைதான். அதை யாரும் படம் போட்டுப் பகிர்வதில்லை.

பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்லே கிடையாது. 1660-களில் பிரான்ஸில் எத்ம் மாரியோத் கண்டுபிடித்த குருட்டுப்புள்ளி இது. ஒரு தாளில் இடப்பக்கம் கூட்டல் குறி, அதிலிருந்து 8 சென்டிமீட்டர் வலப்பக்கம் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய கரும்புள்ளி போடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் புள்ளி காணாமல் போகும். அந்த இடத்தில் ஓட்டை தெரிகிறதா? இல்லை, வெள்ளைத் தாள் தெரிகிறது. அடுத்து, புள்ளிக்கு மேலும் கீழும் அதைத் தொடும்படி ஒரு கோடு இழுத்துவிட்டு மறுபடி பாருங்கள். புள்ளி மறைந்து, கோடு அறுபடாமல் ஓடும். இல்லாத கோட்டைப் போட்டது யார்? அந்தக் குருட்டு இடம் ஒன்றும் சின்னதல்ல. வானத்தில் முழுநிலவைப் பத்து முறை வரிசையாக அடுக்கி வைக்கிற அகலம். ஆயுள் முழுக்க ஒவ்வொரு கண்ணிலும் அப்படி ஒரு ஓட்டையோடுதான் திரிகிறோம்.

அப்புறம், கண் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. விநாடிக்கு மூன்று நான்கு தடவை தாவுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணைப் பாருங்கள், பிறகு வலக்கண்ணைப் பாருங்கள், மாற்றி மாற்றி. கண் நகர்வதை ஒருமுறைகூடப் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். தாவும் நேரத்தில் வரும் குழம்பிய காட்சியை மூளை அமுக்கிவிடுகிறது. இதையே போனின் முன்பக்கக் கேமராவில் செய்தால் நகர்வு தெரிந்துவிடும், ஏனென்றால் திரைக்குப் படம் வர ஒரு கணம் தாமதமாகிறது. அதற்குள் கண் தாவி முடித்து, மூளை அமுக்குவதை நிறுத்திவிட்டிருக்கும்.

சரி, இத்தனை ஓட்டை உடைசலிலிருந்து ஒழுங்கான உலகம் எப்படி வருகிறது? செய்தி ஒருவழிப் பாதையில் போவதில்லை. கண்ணிலிருந்து வரும் தகவல் தலாமஸ் என்ற நடுநிலையத்தைத் தாண்டித்தான் பின்மண்டையில் உள்ள பார்வைப் புறணிக்கு, அதாவது மூளையின் மேலடுக்கில் பார்வையைக் கவனிக்கும் பகுதிக்குப் போகிறது. அந்த நிலையத்தில் வந்து சேரும் இணைப்புகளில் விழித்திரையிலிருந்து வருபவை பத்தில் ஒரு பங்கு அளவுதான். எண்ணிக்கையில் குறைவு என்றாலும் வலிமை அவற்றுக்கே அதிகம். மற்றவற்றில் பெரும் பகுதி மேலே இருக்கும் புறணியிலிருந்து கீழே இறங்கி வருபவை. வெளியிலிருந்து வருவது கீழிருந்து ஏறுகிறது, எதிர்பார்ப்பு மேலிருந்து இறங்குகிறது, இரண்டும் வழியில் சந்திக்கின்றன.

இந்தச் சந்திப்பை நேரடியாகவே பதிவு செய்திருக்கிறார்கள். இத்தாலியின் கேட்டானோ கனிட்ஸா 1955-இல் வெளியிட்ட ஒரு வடிவம் உண்டு: வாய் திறந்த மூன்று கறுப்பு வட்டங்கள், நடுவில் கோடே இல்லாமல் ஒரு வெள்ளை முக்கோணம். பின்னணியைவிட வெளுப்பாக, விளிம்போடு தெரியும். 1984-இல் ஃபான் டெர் ஹைட்டும் சகாக்களும் இதைப் போன்ற இல்லாத விளிம்புகளைக் குரங்குகளுக்குக் காட்டி, பார்வைப் புறணியின் இரண்டாம் நிலைப் பகுதியில் நரம்பணுக்களின் துடிப்பை அளந்தார்கள். நிஜக் கோட்டுக்குத் துடிக்கும் அணுக்களில் கணிசமானவை, கோடே இல்லாத அந்த இடத்துக்கும் துடித்தன. அந்த அணுவைப் பொறுத்தவரை அங்கே கோடு இருக்கிறது. ‘தோன்றுவது போல்’ என்கிற அடைமொழி எல்லாம் கிடையாது.

கீழிருந்து வரும் செய்தி நின்றுபோனால் மேலிருந்து இறங்குவது என்ன ஆகும்? முதுமையில் பார்வை வெகுவாகக் குன்றிய சிலருக்கு ஆட்கள், பூவேலைப்பாடுகள், கட்டடங்கள் எல்லாம் தெளிவாகத் தெரியும். மனநோய் கிடையாது, அவை நிஜமில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஸ்விட்சர்லாந்தின் சார்ல் போனே 1760-இல் தன் தாத்தாவிடம் இதைக் கவனித்து எழுதினார். வீட்டில் பெரியவர்கள் யாராவது இப்படிச் சொன்னால் பதறாமல் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பலர் பைத்தியம் என்பார்களோ என்று பயந்து வெளியே சொல்வதே இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எல்லாக் காட்சிப்பிழைக்கும் ‘மூளை ஊகிக்கிறது’ என்ற ஒரே மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. அவை பல இடங்களில், பல காரணங்களால் பிறக்கின்றன. கானல்நீர் மூளையின் வேலையே அல்ல. சூடான காற்றில் ஒளி வளைகிறது, கேமராவிலும் விழும். தொடுவானத்தில் பெரிதாகத் தெரியும் நிலா அப்படியல்ல. அதைக் காற்று மண்டலம் பெரிதாக்குகிறது என்று இன்னும் நிறையப் பேர் நம்புகிறார்கள். ஒரே லென்ஸில் படம் பிடியுங்கள்: உச்சியிலும் அடிவானத்திலும் அரை டிகிரிதான். சொல்லப்போனால் அடிவானத்தில் இருக்கும்போது நிலா பூமியின் ஆரம் அளவுக்கு, அதாவது சுமார் 6,400 கிலோமீட்டர், கூடுதல் தூரத்தில் இருப்பதால் ஒரு பொடிக்குச் சிறியதுகூட. காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கி அதன் வழியே பார்த்தால், பெரிய நிலா சட்டென்று சுருங்கும். அடிவானத்தை மூளை தொலைவாக எடுத்துக்கொள்கிறது, தொலைவில் இருந்தும் இவ்வளவு அளவு என்றால் பெரியதாக இருக்க வேண்டும் என்று கூட்டிவிடுகிறது என்பது பழைய விளக்கம். ஆனால் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அடிவான நிலா ‘கிட்டத்தில்’ இருப்பதாகத்தான் சொல்வார்கள். அந்த முடிச்சை ஆயிரம் வருடமாக அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தூரம் அளவை மாற்றுவதை நிலாவுக்குக் காத்திருக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். பிரகாசமான சிவப்பு வட்டம் ஒன்றை அரை நிமிடம் உற்றுப் பாருங்கள். பிறகு உள்ளங்கையில் பிடித்த வெள்ளைத் தாளைப் பார்த்தால் நீலப்பச்சையில் ஒரு வட்டம் மிதக்கும். சிவப்புக்கு வேலை செய்த செல்கள் சோர்ந்துபோனதால், எதிர்த் தரப்பு ஓங்கிவிட்டது. இதுவரை கண் சமாச்சாரம். இப்போது தலையை நிமிர்த்தித் தூரத்துச் சுவரைப் பாருங்கள். வட்டம் வளர்ந்துவிடும். விழித்திரையில் சோர்ந்த இடத்தின் அளவு மாறவே இல்லை. மாறியது தூரம் மட்டும். 1881-இல் எம்மெர்ட் இதை விதியாகவே எழுதி வைத்தார். ஒரே காட்சியில் கண்ணின் பங்கையும் மூளையின் பங்கையும் தனித்தனியாகக் காட்டும் இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. செலவும் இல்லை.

சோர்வு மூளைக்குள்ளும் நடக்கும். 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தார். பாறை மேலே ஏறியது. கீழ்நோக்கிய நகர்வுக்குத் துடிக்கும் நரம்பணுக்கள் களைத்துவிட, மேல்நோக்கிய நகர்வுக்கானவை சும்மா இருக்கும்போது துடிக்கும் துடிப்பே தராசைச் சாய்த்துவிடுகிறது. இதில் கூர்ந்து கவனிக்க வேண்டியது இன்னொன்று: பாறை ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும். நடக்கக் கூடாத விஷயம். நகர்வையும் இடத்தையும் மூளை தனித்தனிப் பிரிவுகளில் கணக்கிடுவதால்தான் இப்படி ஒன்று சாத்தியமாகிறது. நகர்வுப் பிரிவு மட்டும் சேதமடைந்த ஒரு பெண்ணைப் பற்றி 1983-இல் ஜெர்மனியில் ஆய்வறிக்கை வந்தது. கோப்பையில் ஊற்றும் தேநீர் அவருக்கு உறைந்த பனிபோல் நின்றிருந்தது. தெருவில் வரும் கார் முதலில் தூரத்தில் இருக்கும், பிறகு திடீரென்று பக்கத்தில். நடுவில் ஒன்றும் கிடையாது.

விளக்கம் முடிந்துவிட்டது என்று நினைத்த இடங்களிலும் கால் வழுக்கியிருக்கிறது. ஹெர்மன் 1870-இல் காட்டிய கட்டம்: கறுப்புச் சதுரங்கள், நடுவே வெள்ளைத் தெருக்கள். தெருக்கள் சந்திக்கும் முனைகளில் சாம்பல் புள்ளிகள் மினுக்கும், நேராகப் பார்த்தால் மறையும். ஒரு செல் பக்கத்துச் செல்லை அடக்குகிறது, முனையில் நாலு பக்கமும் வெளிச்சம் என்பதால் அடக்குதல் அதிகம், அதனால் கருமை — இந்த விளக்கம் 1960-லிருந்து புத்தகங்களில் ஓடியது, இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. ஹங்கேரியைச் சேர்ந்த யானோஷ் கையரும் சகாக்களும் ஒரு எளிய வேலை செய்தார்கள்: தெருக்களைக் கொஞ்சம் நெளிவாக வரைந்தார்கள். புள்ளிகள் போய்விட்டன. பக்கத்துச் செல் அடக்கும் கணக்கு நெளிந்த தெருவிலும் கிட்டத்தட்ட அதேதான். ஆகவே விழித்திரை விளக்கம் மட்டும் போதாது. நேர்கோடுகளைக் கண்டறியும் புறணிக்கும் இதில் பங்கு இருக்க வேண்டும். 2008-இல் கட்டுரையாக வந்த இந்தச் சோதனையைச் சொல்லாமல் பழைய விளக்கத்தை மட்டும் படம் போட்டுச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

முல்லர்–லையர் கோடுகளின் கதை இன்னும் சுவாரசியம். 1889-இல் வந்தது. சம நீளமுள்ள இரண்டு கோடுகள்; ஒன்றின் முனைகளில் அம்புத்தலைகள், மற்றதின் முனைகளில் விரிந்த வால்கள். வால் உள்ளது நீளமாகத் தெரியும். பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரி சொன்ன விளக்கம்: விரிந்த வால் அறையின் உள்மூலைபோல, தள்ளி இருப்பது, அம்புத்தலை கட்டடத்தின் வெளிமூலைபோல, கிட்ட இருப்பது. தள்ளி இருப்பதை மூளை நீட்டிவிடுகிறது. அப்படியானால் மூலைமுடுக்கான கட்டடங்களைப் பார்த்து வளராதவர்களுக்கு இது தெரியக் கூடாதே? 1966-இல் சீகல், கேம்பல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் பல சமூகங்களில் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்கர்களுக்கு ஒரு கோட்டை மற்றதைவிட ஐந்தில் ஒரு பங்கு நீட்டினால்தான் இரண்டும் சமமாகத் தெரிந்தன. தென் ஆப்பிரிக்கப் பகுதியின் காலஹாரிப் பாலைவனத்தில் வாழும் சான் மக்களை அந்தப் படம் ஏறத்தாழ ஏமாற்றவே இல்லை. பழக்கத்தால் வருவது என்ற கட்சிக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எதிர்சாட்சி 2015-இல் வந்தது. எம்ஐடியின் பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டம், பிறவியிலேயே கண்புரையால் பார்வை இல்லாத இந்தியக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, அவர்கள் பார்க்கக் கற்பதையும் கவனிக்கிறது. அப்படிப் பார்வை கிடைத்த குழந்தைகளிடம் இரண்டு நாட்களுக்குள் முல்லர்–லையர் கோடுகளைக் காட்டினார்கள். மூலையும் தெரியாது, தொலைவில் குறுகிச் சேரும் கோடுகளும் தெரியாது, பார்த்துப் பழகிய நாட்கள் இரண்டு. வால் உள்ளதே நீளம் என்றார்கள். எனக்குப் படுவது இது: கோட்டின் முனை எங்கே என்று தீர்மானிக்கும் அடிமட்டக் கணக்கிலேயே ஒரு சாய்வு இருக்கிறது, பழக்கம் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. ஒரே படத்துக்கு இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்யக் கூடாது என்று சட்டம் இல்லையே.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தெரிந்த பிறகும் ஏன்?

அரை இருட்டில் கயிறு பாம்பாகத் தெரிவது நம் ஊர்த் தத்துவப் பேச்சில் அடிபடாத நாளே இல்லை. விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு போய்விடும், திரும்ப வராது. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதும் இந்த ரகம்தான். கிடைத்த தகவல் குறைவு, எதிர்பார்ப்பு இடத்தை நிரப்பியது, தகவல் வந்ததும் விலகிக்கொண்டது. முல்லர்–லையர் கோடு அப்படி இல்லை. நூறு விளக்கு போட்டாலும், அளவுகோலை வைத்துக்கொண்டே பார்த்தாலும் வால் உள்ளது நீளம்தான். இரண்டையும் ஒரே கூடையில் போடுவதால்தான் குழப்பம் வருகிறது.

அளவுகோல் சொல்லும் செய்தி, சொற்களாக, எண்களாக, வேறு வழியில் தலைக்குள் வருகிறது. கோட்டின் நீளத்தையோ கட்டத்தின் நிறத்தையோ கணக்கிடும் பகுதிகளுக்கு அந்த மொழி புரிவதில்லை. அவை விநாடியின் சிறு பங்கில் வேலையை முடித்துக்கொண்டு விடையை மட்டும் மேலே அனுப்புகின்றன. யோசித்து முடிவெடுக்கும் பகுதி விடையைத்தான் பார்க்கிறது, கணக்கை அல்ல. ஒருவகையில் இது நல்ல ஏற்பாடு. நாம் நினைப்பதெல்லாம் உடனே பார்வையில் கலந்துவிட்டால், எதிர்பார்க்காத எதையும் பார்க்கவே முடியாது.

ஆனால் அறிவுக்கும் பார்வைக்கும் நடுவே இருக்கும் இந்தச் சுவர் முழுக்க அடைத்த சுவரும் இல்லை. வெறும் கறுப்புத் திட்டுகளாகத் தெரியும் பிரபலமான புகைப்படம் ஒன்று உண்டு. ‘தரையை முகர்ந்துகொண்டு நிற்கும் டால்மேஷன் நாய்’ என்று ஒருவர் சொன்னதும் நாய் எழுந்து நிற்கும், பிறகு எத்தனை வருடம் கழித்துப் பார்த்தாலும் நாய்தான். இங்கே சொல் வேலை செய்துவிட்டது. காரணம், திட்டுகளை எப்படிச் சேர்ப்பது என்பதில் மூளைக்கே முடிவு இல்லாமல் இருந்தது. சொல் ஒரு பக்கம் கை காட்டியது. ஏடெல்சனின் பலகையில் மூளைக்குச் சந்தேகமே இல்லை. நிழலின் ஓரம் மங்கலாக இருக்கிறது, உருளை நிற்கிறது, கட்டங்கள் ஒழுங்காக மாறி மாறி வருகின்றன. இத்தனை சாட்சியும் ஒரே பக்கம் பேசும்போது, ‘இரண்டின் எண்ணும் ஒன்றுதான்’ என்று நாம் ஓரமாக முணுமுணுப்பது எடுபடாது.

எதிர்பார்ப்பின் பலம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதற்குக் குழிந்த முகமூடி ஒரு சாட்சி. முகமூடியின் உட்புறத்தை, அதாவது குழிந்த பக்கத்தைப் பார்த்தாலும், மூக்கு நம் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் சாதாரண முகமாகவே தெரியும். குழிந்த முகத்தை வாழ்நாளில் யாரும் சந்திப்பதில்லை. மூளை அதை ஏற்க மறுக்கிறது. ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோய் உள்ள பலருக்கு அது குழியாகவே, உள்ளபடியே தெரிகிறது. 2009-இல் மூளை ஸ்கேனோடு நடந்த ஆய்வில், மற்றவர்களிடம் குழிந்த முகத்தைப் பார்க்கும்போது மேலிருந்து கீழே இறங்கும் தொடர்பு வலுத்தது, நோயுள்ளவர்களிடம் அப்படி வலுக்கவில்லை. உலகை உள்ளபடி பார்ப்பதுதான் ஆரோக்கியம் என்று நினைப்பவர்கள் இந்த முடிவோடு சற்று நேரம் உட்கார வேண்டும்.

கைக்குத் தெரியுமா என்றும் சோதித்திருக்கிறார்கள். பெரிய வட்டங்களுக்கு நடுவே இருக்கும் வட்டம் சிறியதாகவும், சிறிய வட்டங்களுக்கு நடுவே இருப்பது பெரியதாகவும் தெரியும். 1995-இல் அக்லியோட்டி, குட்எய்ல் குழுவினர் நடு வட்டங்களுக்குப் பதில் வில்லைகளை வைத்து எடுக்கச் சொன்னார்கள். கண் ஏமாந்த அளவுக்கு விரல்களின் விரிப்பு ஏமாறவில்லை. பார்ப்பதற்கு ஒரு பாதை, பிடிப்பதற்கு ஒரு பாதை என்ற கருத்துக்கு இது பெரிய ஆதரவாகப் பேசப்பட்டது. பிறகு வேறு சிலர், இரண்டு வேலைகளிலும் கேள்வியைச் சமமாக அமைத்தால் வித்தியாசம் மறைந்துவிடுகிறது என்று காட்டினார்கள். சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் ‘கை ஏமாறாது’ என்று அடித்துச் சொல்லும் பதிவுகளை நம்பிவிடாதீர்கள்.

கடைசியாக, மறுபடி அந்தத் தாளை எடுங்கள். ஓட்டைகள் வழியே பார்க்கும்போது ஏ, பி ஒன்றாகத் தெரிந்தனவே, அந்த நேரத்தில் மூளை திருந்தவில்லை. நிழல், உருளை, பக்கத்துக் கட்டங்கள் எல்லாம் மறைந்துபோனதால் அதனிடம் கழிப்பதற்கு ஒன்றும் இல்லை. இப்போது தாளை ஒரேயடியாக எடுக்காமல், ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக உருவுங்கள். முதலில் பக்கத்துக் கட்டம் ஒன்று வெளியே வரும், பிறகு நிழலின் ஓரம். அந்த ஓரம் எட்டிப் பார்க்கிற இடத்தில் கையை நிறுத்திவிட்டு, பியை மட்டும் கவனியுங்கள். வெளுக்கத் தொடங்கியிருக்கும்.